படிக்காமல் இட்ட கையெழுத்து



எங்கள் வீட்டு மரப் பீரோவின் அடித்தட்டில் காலாவதியான மூன்று பாஸ்போர்ட்டுகளும், அவற்றோடு மடித்து வைத்த ஒரு தாளும் இருக்கின்றன. தாளின் கீழே தமிழில் ஒரு கையெழுத்து. மேலே இருப்பதெல்லாம் ஆங்கிலமும் அரபுமாக அச்சிட்ட வரிகள். கையெழுத்து எங்களுடையது. அந்த வரிகள் என்ன சொல்கின்றன என்பது பல ஆண்டுகள் எங்களுக்குத் தெரியாது.

எங்களில் ஒருவர் அமீரகத்தில் பதினேழு ஆண்டுகள் சபுர் இருந்தவர். மற்றவர் அந்தப் பதினேழு ஆண்டுகளும் கூத்தாநல்லூரில் இருந்து பிள்ளைகளை வளர்த்தவர். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே இதை எழுதுகிறோம். எங்கள் மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தது பற்றியும், அப்படிப்பு எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று உறவினர் பலர் கேட்ட கேள்வி பற்றியும் சொல்ல விரும்புகிறோம். அதே கேள்வி இந்த ஆண்டு வேறு பல வீடுகளிலும் எழும் என்பதால் எழுதத் துணிந்தோம்.

எங்கள் ஊரைச் சின்னச் சிங்கப்பூர் என்று அழைப்பவர்கள் உண்டு. சுற்றிலும் காவிரிப் பாசனத்தில் நெல் விளையும் வயல்கள். ஆனால் எங்கள் முன்னோர் பலர் வயலை நம்பி இருந்தவர்கள் அல்லர். கடலைக் கடந்து மலாயா, சிங்கப்பூர், பர்மா என்று பொருளீட்டப் போனவர்கள். பின்னர் வளைகுடா நாடுகள் வந்தன. பயணம் எங்கள் ஊருக்கு வீடு கட்டித் தந்தது. பள்ளிவாசல்களையும் மதரசாக்களையும் பள்ளிக்கூடங்களையும் வளர்த்தது. இருந்தும், கடல் கடந்து போன எங்களில் பலர் எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் படிப்பை நிறுத்தியவர்கள். மொழி தெரியாத நாட்டில் உழைத்தோம். படிக்கத் தெரியாத தாள்களில் கையெழுத்திட்டோம்.

மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்த கோடையில், வழக்கம்போல் வீட்டில் ஆலோசனை நடந்தது. ஒருவர் பொறியியல் என்றார். ஒருவர் வணிகவியல் என்றார். போதும், இனி நிக்காஹ் பார்க்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. மகள் மெல்லிய குரலில், “பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறேன் அத்தா” என்றாள். அவள் தமிழ் வழியில் படித்தவள். பெரியத்தா சிரித்துவிட்டார். “கதை படிக்கவா மூன்று வருஷம்? இங்கிலீஷ் பேச வேண்டுமென்றால் மூன்று மாத கோர்ஸ் போதாதா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் விடை இல்லை.

எங்களுக்குள் வேறொரு கலக்கமும் இருந்தது. பிறர் பண்பாட்டின் கதைகளையும் நாடகங்களையும் மூன்று ஆண்டுகள் படிக்கும் பிள்ளையின் ஈமான் என்னவாகும்? தொழுகை, ஒழுக்கம், பெற்றோர் சொல் இவற்றையெல்லாம் பழமை என்று எண்ணத் தொடங்கிவிடுவாளோ? ஜும்ஆவுக்குப் பிறகு, மக்தபில் அவளுக்கு ஓதிக் கொடுத்த ஹஜ்ரத்திடம் இதைக் கேட்டோம். வேண்டாம் என்பார் என்றே எதிர்பார்த்தோம். அவர் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

மதீனாவில் நபி (ஸல்) அவர்களுக்குக் கடிதங்கள் வரும். அவர்களும் கடிதங்கள் அனுப்புவார்கள். யூதர்களின் எழுத்தைப் படிக்கவும் எழுதவும் பிறரையே நம்பியிருக்க வேண்டிய நிலை. தம் கடிதங்கள் மாற்றமின்றிப் படிக்கப்படும், எழுதப்படும் என்ற உறுதி அவர்களுக்கு இல்லை. ஆகவே இளைஞரான ஸைத் (ரலி) அவர்களை அழைத்து, அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். ஏறத்தாழ அரை மாதத்திற்குள் அவர் கற்றுத் தேர்ந்தார். அதன்பின் வரும் கடிதங்களைப் படித்துக் காட்டுவதும் மறுமொழி எழுதுவதும் அவர் பொறுப்பாயிற்று. இச்செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது.

“அந்த ஸஹாபியின் ஈமான் குறைந்ததா?” என்று ஹஜ்ரத் கேட்டார். அவரே விடையும் சொன்னார். யமாமா போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதான பிறகு, குர்ஆனை ஒன்றுதிரட்டும் மாபெரும் பணியை அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒப்படைத்தது இதே ஸைத் (ரலி) அவர்களிடம்தான். பிறர் மொழியைக் கற்றவர் என்பது அவருடைய அமானிதத்தைக் குறைத்துக் காட்டவில்லை. “பிள்ளை படிக்கட்டும். ஆனால் குர்ஆனையும் தமிழையும் விட்டுவிட்டு அதை மட்டும் படிக்க வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினார்.

அல்ஹம்துலில்லாஹ், திருவாரூரில் உள்ள ஒரு மகளிர் கல்லூரியில் அவளைச் சேர்த்தோம். இன்று கூத்தாநல்லூரிலேயே பெண்களுக்கென அரசு கலை அறிவியல் கல்லூரி வந்துவிட்டது. எங்கள் மகள் சேர்ந்தபோது அந்த வசதி இல்லை. மன்னார்குடியிலிருந்து வரும் பேருந்தில் காலையில் ஏறி மாலையில் திரும்புவாள்.

முதல் பருவம் கடினமாக இருந்தது. வகுப்பில் ஆசிரியை பேசுவதில் பாதி புரியவில்லை என்றாள். ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க லிப்கோ அகராதியை இருபது முறை புரட்டினாள். ஒலிப்பியல் தாளில் முதல் உள்தேர்வில் தோற்றாள். ஒரு நாள் பேருந்திலிருந்து இறங்கி வந்தவள், “நான் கணக்கோ காமர்ஸோ எடுத்திருக்கலாம் அம்மா” என்று சொல்லி அழுதாள். தமிழ் வழியில் படித்துவிட்டு இப்பாடத்துக்கு வரும் பிள்ளைகள் பலருக்கு முதல் ஆண்டு இப்படித்தான் இருக்கும் என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. அது அறிவுக் குறைவன்று, பழக்கக் குறைவு.

அப்பழக்கத்தை வீட்டிலேயே உண்டாக்க ஓர் ஏற்பாடு செய்தோம். ஃபஜ்ரு தொழுது குர்ஆன் ஓதிய பின், ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியை அவள் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அதை அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரியாத அம்மா குறுக்கே கேள்வி கேட்பார். “அப்படியென்றால் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும்?”, “எந்தத் தேதிக்குள்?” என்பன போன்ற கேள்விகள். விடை சொல்ல முடியாவிட்டால் அவளுக்கே அந்தச் செய்தி புரியவில்லை என்று பொருள். மறுபடி படிப்பாள். பணச் செலவில்லாத இந்தப் பயிற்சி ஓராண்டில் அவளை மாற்றியது. தமிழில் தெளிவாகச் சொல்ல முடியாத எதையும் ஆங்கிலத்திலும் நாம் புரிந்துகொள்ளவில்லை என்பதை அந்த அடுப்படியில்தான் நாங்கள் மூவரும் கற்றோம்.

அவள் என்னதான் படிக்கிறாள் என்று பாடப் புத்தகங்களைப் புரட்டச் சொல்லிக் கேட்டோம். ஷேக்ஸ்பியர் நாடகம் இருந்தது; ஆங்கில மொழியின் வரலாறு இருந்தது; ஆர். கே. நாராயண் போன்ற நம் நாட்டவர் ஆங்கிலத்தில் எழுதியவை இருந்தன. ஒரு நாள் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1958இல் வெளியிட்ட நாவலைப் பற்றிச் சொன்னாள். வெள்ளையர் ஆட்சியும் அவர்களுடைய பாதிரிமார்களும் வந்தபின் ஓர் ஆப்பிரிக்கக் கிராமம் எப்படிக் குலைந்தது என்பதை, ஆண்டவர்களின் மொழியிலேயே அவர்களுக்குச் சொன்ன நூல் அது என்றாள். எங்கள் அச்சம் அன்று சற்று விலகியது. ஆங்கிலம் படித்தால் ஆங்கிலேயராகிவிட வேண்டும் என்பதில்லை. அவர்களிடம் நம் வழக்கை எடுத்துச் சொல்லவும் அது உதவும்.

அவள் சொல்லித்தான் அப்துர்ரஸாக் குர்னா என்ற பெயரையும் கேள்விப்பட்டோம். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்ஸிபாரில் பிறந்தவர். இளம் வயதில் அகதியாக இங்கிலாந்து சென்றவர். கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். 2021இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவருடைய தாய்மொழி சுவாஹிலி. இந்தியப் பெருங்கடற்கரை வணிகர்களும் ஊரைப் பிரிந்து வாழ்பவர்களும் அவர் நாவல்களில் நிறைந்திருக்கிறார்கள். “நம் ஊர்ச் சபுராளிகள் போலவே இருக்கிறார்கள் அத்தா” என்றாள் மகள்.

ஆங்கிலக் கல்வியும் மார்க்கமும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் நம் முன்னோரில் பலரிடம் இருந்தது. ஆட்சியைப் பறித்தவர்களின் மொழி என்பதால் அந்த வெறுப்பு உண்டாயிற்று. அதில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே காலத்தில் நம் தமிழகத்திலேயே வேறு விதமாகச் சிந்தித்தவர்களும் இருந்தார்கள். வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கப்பட்டது. சென்னை வணிகரான சேட் ஜமால் முஹம்மது சாஹிப், படித்த இளைஞர்களுக்கு இஸ்லாத்தை விளக்கும் சொற்பொழிவுகளை 1920களில் சென்னையில் நடத்த முன்னின்றார். 1925இல் மௌலானா ஸையித் சுலைமான் நத்வி வந்து உருதுவில் பேசினார். 1927இல் மர்மடியூக் பிக்தால் வந்தார். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார். உருதுவிலும் பாரசீகத்திலும் கவிதை படைத்த இக்பால், சென்னையில் ஆற்றிய அந்த உரைகளை ஆங்கிலத்தில் ஆற்றினார். இஸ்லாமியச் சிந்தனையின் புத்தமைப்புப் பற்றி உலகெங்கும் இன்று படிக்கப்படும் அவருடைய ஆங்கில நூல் அவ்வுரைகளிலிருந்து பிறந்தது.

பிக்தாலின் கதை ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. அவர் அடிப்படையில் ஓர் ஆங்கில நாவலாசிரியர். 1917இல் இஸ்லாத்தைத் தழுவியதை வெளிப்படையாக அறிவித்தார். பின்னர் ஹைதராபாத் நிஜாமின் பணியில் இருந்தபடி குர்ஆனின் பொருளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1930இல் வெளியிட்டார். கதை எழுதிப் பழகிய கை அந்தப் பணிக்கு வந்தபோது, சொல்லைத் தேர்ந்தெடுக்கும் திறன் வீணாகவில்லை.

காவிரிக் கரையிலிருந்தும் ஒருவரைச் சொல்லலாம். கும்பகோணத்தை அடுத்த கீழ்மாந்தூரில் 1885இல் பிறந்த பா. தாவூத்ஷா, பி.ஏ. பட்டம் பெற்று அரசுப் பணியில் சேர்ந்து சப் மாஜிஸ்திரேட்டாக உயர்ந்தார். ஒத்துழையாமை இயக்க நாட்களில் அப்பதவியைத் துறந்தார். ‘தாருல் இஸ்லாம்’ இதழை நல்ல தமிழில் நடத்தினார். அவருடைய கருத்துகள் பலவற்றில் ஆலிம்கள் உடன்படவில்லை. அந்த விவாதம் வேறு. ஆங்கிலப் படிப்பு தந்த பதவியை விட்டவர், அப்படிப்பு தந்த அறிவைத் தமிழ் முஸ்லிம்களுக்கே கொண்டுவந்தார் என்பதை மட்டும் இங்கே நினைவுகூர்கிறோம்.

பிறகு கல்லூரிகள் வந்தன. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும், திருச்சியில் ஜமால் முஹம்மது சாஹிபின் பெயரைத் தாங்கிய கல்லூரியும் தொடங்கின. 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி தோன்றியது. நம் டெல்டாப் பிள்ளைகள் பல தலைமுறையாக இவற்றிலும் தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் அரசுக் கல்லூரிகளிலும் படித்து வந்திருக்கிறார்கள். அக்காலத்தில் கூத்தாநல்லூர்ப் பெண்பிள்ளைகளுக்கு அவை எட்டாத தூரத்தில் இருந்தன. இன்று எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இனி, பெரியத்தாவின் கேள்விக்கு வருவோம். இப்படிப்பு எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்?

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறோம். பி.ஏ. ஆங்கிலம் மட்டும் கையில் இருந்தால் பெரும்பாலும் வேலை தேடி வராது. அது ஒரு நல்ல அஸ்திவாரம். அதன்மேல் இன்னொன்றைக் கட்ட வேண்டும். முதலாம் ஆண்டிலேயே அது எது என்று யோசிக்கத் தொடங்கினால் காலம் வீணாகாது.

ஆசிரியப் பணி பலரும் அறிந்த வழி. பட்டத்தோடு இரண்டாண்டு பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தகுதி உண்டு. எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் போட்டித் தேர்வை எழுதலாம். கல்லூரியில் கற்பிக்க விரும்பினால் எம்.ஏ.வில் 55 விழுக்காட்டுக்குக் குறையாமல் பெற்று, நெட் அல்லது செட் தேர்வில் தேற வேண்டும். அல்லது முனைவர் பட்டம் பெற வேண்டும். வளைகுடாவில் உள்ள இந்தியப் பள்ளிகளும் பட்டத்தோடு பி.எட். இருப்பதையே பொதுவாக எதிர்பார்க்கின்றன.

மேற்படிப்புக்குத் தொலைதூரம் போக வேண்டும் என்பதும் இல்லை. 2009இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் நம் திருவாரூர் மாவட்டத்திலேயே, நீலக்குடியில் இருக்கிறது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதி அங்கே வருகிறார்கள். அருகிலிருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு அங்கே ஆங்கிலம் படிக்கலாம் என்பதே தெரிவதில்லை. ஹைதராபாத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்கும் என்றே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் உண்டு. அரபும் அங்கே கற்பிக்கப்படுகிறது. மதரசாவில் அரபு ஓதி, கல்லூரியில் ஆங்கிலம் படித்த ஒரு பிள்ளைக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் எத்தகைய மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் இன்னொரு வழி. எந்தப் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலமே நடைமுறை. நாகூர் தந்த நீதியரசர் மு. மு. இஸ்மாயில் 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர்; ஆங்கிலத்தில் தீர்ப்பு எழுதிய அவர், சென்னைக் கம்பன் கழகத்தையும் கட்டி வளர்த்தார். இரு மொழியிலும் ஆழம் இருந்தால் எதுவும் எதையும் விழுங்காது என்பதற்கு அவர் வாழ்வு சான்று. தமிழகத் தேர்வாணையத் தேர்வுகளுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் எந்தப் பட்டமும் போதும். குடிமைப் பணித் தேர்வில் ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். மாநிலத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு என்பதால், தமிழை விட்டுவிட்டவருக்கு அங்கே இடமில்லை.

இதழியல், பதிப்பகப் பணி, மொழிபெயர்ப்பு ஆகியவை நம் சமுதாயத்தில் பலர் எண்ணிப் பாராதவை. தேங்காய்ப்பட்டணத்தின் கதையைத் தோப்பில் முஹம்மது மீரான் தமிழில் எழுதினார். அது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுத் தமிழ் அறியாத வாசகர்களையும் சென்றடைந்தது. நம் ஊர்ச் சபுராளிகளின் கதையையும், அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களின் கதையையும் உலகுக்கு யார் சொல்வது? பிறர் வந்து சொன்னால் அவர்கள் விரும்பியபடிதான் சொல்வார்கள்.

இத்தனை வழிகளும் இருக்க, பெண்பிள்ளைகள் பலர் பாதியில் நிற்பது எதனால் என்பதும் நமக்குத் தெரியும். எங்கள் மகள் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது ஒரு நல்ல குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தொழுகையாளி. ஆனால் படிப்பை இத்தோடு நிறுத்திவிட வேண்டும், நிக்காஹ் இரண்டு மாதத்தில் என்றார்கள். பல இரவுகள் நாங்கள் உறங்கவில்லை. இஸ்திகாரா தொழுதோம். “இறுதித் தேர்வு முடியட்டும், அதன்பின் வைத்துக்கொள்ளலாம்” என்று மரியாதையோடு கேட்டோம். அவர்கள் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். உறவினர் சிலர் எங்களைக் குறை சொன்னார்கள். அவர்கள் மீது எங்களுக்கு வருத்தமில்லை, எங்களுக்கே அச்சம் இருந்தது. அல்லாஹ் நாடியதில் கைர் உண்டு என்று பொறுத்துக்கொண்டோம்.

அந்த நாட்களில்தான், இந்த முடிவு சரிதானா என்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, ஆதார் தொடர்பான ஏதோ ஒரு தாளைத் தேடி மகள் மரப் பீரோவைத் திறந்தாள். பாஸ்போர்ட்டுகளுக்கு இடையில் இருந்த அந்தத் தாள் அவள் கையில் வந்தது. நின்றபடியே படித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து மறுபடி படித்தாள்.

“அத்தா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?”

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாள் என்று சொன்னோம். பதினோராம் ஆண்டு முடிவில், பணிபுரிந்த நிறுவனத்தில் பலரையும் வரிசையில் நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். முன்னால் இருந்தவர் இட்டார், நாமும் இட்டோம். அதன்பின் ஆறு ஆண்டுகள் வேலை செய்து ஊர் திரும்பும்போது, பணிக்கொடை ஆறு ஆண்டுகளுக்கு மட்டுமே கணக்கிடப்பட்டது. ஏனென்று கேட்டோம்; கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்றார்கள். நஸீப் அவ்வளவுதான் என்று வந்துவிட்டோம்.

மகள் அதைத் தமிழில் சொன்னாள். அதுவரையிலான பதினோரு ஆண்டுப் பணிக்குரிய எல்லா நிலுவைகளையும் முழுமையாகப் பெற்றுக்கொண்டதாகவும், இனி எந்த உரிமையும் கோருவதில்லை என்றும், அன்றிலிருந்து புதிய பணி தொடங்குவதாகவும் அந்தத் தாள் கூறியது. அப்படி ஒரு திர்ஹம்கூட எங்கள் கைக்கு வந்ததில்லை.

அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் ஊதியமும் பணிக்கொடையாகும். மகள் ஒரு காகிதத்தில் கணக்கிட்டாள். பதினேழு ஆண்டுகளுக்கு 465 நாள் ஊதியம் வந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 135 நாள் ஊதியம். மீதி 330 நாள். ஏறத்தாழ ஓர் ஆண்டு வெயில் அந்த ஒரு கையெழுத்தில் போயிருந்தது.

அவள் அழவில்லை. எங்களில் ஒருவர்தான் அழுதார், பணத்துக்காக அன்று. பதினேழு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவருக்குத் தெரியாததை, திருவாரூரைத் தாண்டாத பிள்ளை ஐந்து நிமிடத்தில் படித்துச் சொன்னாள். அதைச் செய்த நிறுவனத்தின் அநீதி அல்லாஹ்விடம் இருக்கிறது. படிக்காமல் கையெழுத்திட்டது எங்கள் பிழை. அதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அன்று மாலை பெரியத்தா வந்தார். அவரிடம் தாளைக் காட்டினோம். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “மூன்று மாத கோர்ஸில் இதைப் படிக்க முடியாதுதான்” என்றார். பேசக் கற்பது வேறு. சிறிய எழுத்தில், சுற்றி வளைத்து எழுதியிருக்கும் ஒன்றின் உட்பொருளைப் பிடிப்பது வேறு. பழைய நாடகங்களையும் நீண்ட நாவல்களையும் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்த மூன்று ஆண்டுகள் அவளுக்கு அதைத்தான் தந்திருந்தன. சொல்லியிருப்பதையும் சொல்லாமல் மறைத்திருப்பதையும் அவள் பார்க்கிறாள்.

சில நாட்களில் பெரியத்தா தம் பேரனை அழைத்து வந்தார். அவனுக்கு வளைகுடாவில் வேலை என்று ஒரு கடிதம் வந்திருந்தது. மகள் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். அடிப்படை ஊதியம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டினாள். பணிக்கொடை அடிப்படை ஊதியத்தின் மீதுதான் கணக்கிடப்படும் என்றாள். மொத்தத் தொகை பெரிதாக இருந்தது. அடிப்படை ஊதியம் மிகச் சிறிதாக இருந்தது. இரண்டாண்டுகளுக்குள் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியையும் காட்டினாள். அவன் கையெழுத்திடுமுன் அவற்றைக் கேட்டு எழுதினான். ஒன்றில் மாற்றம் கிடைத்தது, இன்னொன்றில் கிடைக்கவில்லை. என்றாலும் தெரிந்தே போனான்.

அதன்பின் எங்கள் தெருவில் செய்தி பரவியது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் யாராவது ஒருவர் தாளோடு வருகிறார். விசாத் தாள், மருத்துவமனை அறிக்கை, வங்கிக் கடிதம், காப்பீட்டுப் பத்திரம். பெண்கள்தாம் அதிகம் வருகிறார்கள். சபுரில் இருக்கும் கணவர் அனுப்பிய தாளைக் கொண்டு வருவார்கள். மகள் பணம் வாங்குவதில்லை. வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியதை வழக்கறிஞரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிடுவாள்; என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்வாள். ஸைத் (ரலி) அவர்கள் மதீனாவில் செய்த பணியின் ஒரு துளியாவது எங்கள் திண்ணையில் நடக்கிறது என்று எண்ணும்போது மனம் நிறைகிறது.

இப்போது அவள் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பி.எட். முடித்து ஆசிரியையாக வேண்டும் என்கிறாள். சட்டம் படிக்கலாமோ என்ற எண்ணமும் இருக்கிறது. நிக்காஹும் அல்லாஹ் நாடும் நேரத்தில் நடக்கும், இன்ஷா அல்லாஹ். வேலை கிடைக்குமா என்று கேட்டால், முயன்றால் கிடைக்கலாம் என்றுதான் இன்றும் சொல்வோம். ஆனால் இனி எங்கள் வீட்டில் எவரும் படிக்காமல் கையெழுத்திட மாட்டார்கள்.

இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் மகனோ மகளோ ஆங்கிலம் படிக்கிறேன் என்றால் சிரித்துவிடாதீர்கள். பி.ஏ.வோடு அடுத்து எதைச் சேர்ப்பது என்பதை உடன் அமர்ந்து யோசியுங்கள். குர்ஆன் ஓதுவதும் தமிழில் எழுதுவதும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் தோற்று அழுதால் அகராதியை எடுத்துக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். நம் நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் வஹீ ஓதுமாறு ஏவியே தொடங்கியது. அந்த உம்மத்தைச் சேர்ந்த நாம், படிக்கத் தெரியாத தாளின் கீழே பெயரெழுதி நிற்பது இந்தத் தலைமுறையோடு முடியட்டும்.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக. கற்றதைப் பிறருக்குப் பயன்படுத்தும் மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.